எந்தப் பொத்தானுக்கு எந்த ஓசை?

டிரம் முழங்குகிறது. தாளம் தப்பாமல் கேட்கிறது. ஆனால் அங்கே டிரம்மே இல்லை!

மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர்தான் இருக்கிறது. ஓர் எழுத்துப் பொத்தானைத் தட்டினால், பெரிய டிரம் "தும்" என்கிறது. இன்னொன்றைத் தட்டினால், சின்ன டிரம் "டப்" என்கிறது.

இது எப்படி?

உண்மையான டிரம்களை அடித்து, அந்த ஓசைகளைப் பதிவு செய்து, ஒரு மென்பொருளுக்குள் வைத்திருக்கிறார்கள். "ஹைட்ரஜன்" என்ற டிரம் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

டிரம் செட் வாங்கப் பணம் வேண்டும். வைக்க இடம் வேண்டும். பக்கத்து வீட்டாருக்குப் பொறுமையும் வேண்டும்! கம்ப்யூட்டரில் ஹெட்போன் மாட்டிப் பழகினால், இந்தக் கவலை இல்லை.

ஆனால் முதல் நாளே ஒரு சிக்கல் வரலாம். பெரிய டிரம் என்று நினைத்துத் தட்டினால், மாட்டு மணி அடிக்கும்!

எண்தான் பெயர்

கம்ப்யூட்டருக்கு டிரம் தெரியாது. எண்தான் தெரியும். ஒவ்வொரு ஓசைக்கும் 0 முதல் 127 வரை ஏதாவது ஓர் எண் உண்டு.

இந்த முறைக்கு "மிடி" என்று பெயர். பல கம்பெனிகளின் மின்னணு இசைக் கருவிகளும் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது மொழி இது. 1983-ல் வந்தது. இதற்கு முன்னின்று பாடுபட்டவர்கள் இருவர். ஒருவர் ஜப்பானியரான இகுதாரோ ககேஹாஷி. மற்றவர் அமெரிக்கரான டேவ் ஸ்மித்.

1991-ல் டிரம் ஓசைகளுக்கும் பொதுப் பட்டியல் வந்தது. அதன்படி:

பெரிய டிரம் - 36
ஸ்னேர் என்ற சின்ன டிரம் - 38
மூடிய ஹை-ஹாட் தாளம் - 42
திறந்த ஹை-ஹாட் தாளம் - 46
மாட்டு மணி - 56

எல்லா மென்பொருள்களும் இந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றுவதில்லை. குழப்பம் அங்கேதான் பிறக்கிறது!

சரி செய்வது எப்படி?

மென்பொருளின் அமைப்புப் பகுதியில் "கீ மேப்பிங்" அல்லது "மிடி லேர்ன்" என்று இருக்கிறதா, பாருங்கள். பல மென்பொருள்களில் வழி சுலபம். திரையில் டிரம்மைத் தேர்ந்தெடுங்கள். பிறகு, உங்களுக்கு வேண்டிய பொத்தானைத் தட்டுங்கள். இரண்டும் இணைந்துவிடும்.

எந்தப் பொத்தானை வைப்பது? கையைக் கேளுங்கள்! ஹை-ஹாட் வலக்கை விரலுக்கு. ஸ்னேர் இடக்கை விரலுக்கு. டிரம் செட்டில் பெரிய டிரம்மைக் கால் மிதிக்கும். இங்கே அந்த வேலை கட்டை விரலுக்கு.

பிறகு மூன்றையும் ஒரே நேரத்தில் தட்டிப் பாருங்கள். ஒன்று ஒலிக்கவில்லையா? பயப்படாதீர்கள். சாதாரணக் கீபோர்டு சில மூன்று பொத்தான்களைச் சேர்த்து உணராது. ஒரு பொத்தானை மட்டும் மாற்றி வையுங்கள்.

ஒரு குறை உண்டு. எழுத்துப் பொத்தானுக்கு மெல்லத் தட்டுவதும் ஓங்கித் தட்டுவதும் ஒன்றே. அந்த வேறுபாடு வேண்டுமானால், அடியின் வேகத்தை உணரும் டிரம் பேடு வாங்கி இணைக்க வேண்டும்.

மறக்கக் கூடாதது

வேலை முடிந்ததும் சேமித்து வையுங்கள். பிறகு அடிக்கடி மாற்றாதீர்கள். இன்று ஓரிடம், நாளை வேறிடம் என்றால், பழகிய பழக்கமெல்லாம் வீண்.

பொத்தான் நிலையாக இருந்தால், விரல் அதைத் தானே தேடிப் போகும். அப்போது கண் கீழே பார்க்க வேண்டியதில்லை. காது தாளத்தைக் கேட்கலாம்!