தென்கடலின் தனித்தீவுகளும் கப்பற் பயணமும்

நிலப்படத்தை விரித்து, இலங்கையின் தென்கோடியாகிய தேவேந்திரமுனையில் விரலை வைத்து நேர்தெற்காக நகர்த்துவோமாயின், அந்தாட்டிக்காவின் பனிக்கரையை அடையுமளவும் விரலுக்குத் தட்டுப்படும் நிலம் ஒன்றுமில்லை. ஆயின் விரலைச் சற்று மேற்கே ஒதுக்கி, தெற்கு அகலக்கோடு 46 பாகைக்கும் 53 பாகைக்கும் இடைப்பட்ட கடலை உற்றுநோக்கினால், மையிட்டாற்போன்ற சில புள்ளிகள் தென்படும். அவையே குரோசே, கேர்கெலன், ஹேர்ட் என்னும் தீவுகள். பாடசாலை நிலப்படங்கள் பலவற்றில் இவற்றின் பெயரும் பொறிக்கப்படுவதில்லை. நமக்கும் அவற்றுக்கும் யாது தொடர்பு என ஒருவர் வினவினால், வியப்பதற்கில்லை.

அவ்வினாவுக்கு 2019ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு விலங்கு விடை கொணர்ந்தது. தென்கரையில் உனவட்டுனைக்கு அண்மையில் முதலிலும், பின்னர் மேற்குக் கரையோரத்திலும் அது காணப்பட்டது. மீனவரும் சுற்றுலாப் பயணிகளும் அதன் பருத்த உடலைக் கண்டு திகைத்தனர். இயற்கை நூலார் அதனைத் தென்னக யானைச் சீல் என இனங்கண்டனர். இவ்வினம் பெருந்தொகையாக ஈன்று வாழும் இடங்களுள் நமக்கு அண்மையிலுள்ளவை மேற்கூறிய தீவுகளே. கொழும்பிலிருந்து கேர்கெலன் ஏறக்குறைய 6,300 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. இடையில் இளைப்பாறுதற்கு உரிய நிலம் அரிது. அத்தொலைவைக் கடந்து வந்த விருந்தாளியின் தாயகம் எத்தகையது, அங்குச் செல்வோர் எவ்வாறு செல்கின்றனர், அவர் செலவால் அத்தீவுகளுக்கு விளைவது நன்மையோ தீமையோ என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டறிந்த வரலாறு

குரோசேயும் கேர்கெலனும் ஒரே ஆண்டில், சில வாரங்கள் இடைவெளியில், ஐரோப்பியர் கண்ணிற்பட்டன. 1772ஆம் ஆண்டு சனவரியில் மரியோன் டுபிறேன் என்னும் பிரெஞ்சு மாலுமி குரோசேத் தீவுகளைக் கண்டான். அவனுடைய துணைவனாகிய குரோசேயின் பெயரே அவற்றுக்கு வழங்குகின்றது. அடுத்த மாதம் 12ஆம் நாள் கேர்கெலன் என்னும் மற்றொரு பிரெஞ்சுக் கப்பற்றலைவன் தன் பெயர் தாங்கிய தீவைக் கண்டான். தென்றிசையில் வளம் நிறைந்த பெருங்கண்டம் ஒன்று உளது என அக்கால ஐரோப்பியர் நம்பியிருந்தனர். கேர்கெலன் தான் கண்டது அக்கண்டமே எனத் தன் அரசனுக்கு அறிவித்தான். மீண்டும் அனுப்பப்பட்டபோது, அங்குக் காடுமில்லை, கழனியுமில்லை, காற்றும் பாறையுமே உள என்பது வெளிப்பட்டது. நாடு திரும்பியவன் விசாரணைக்குட்பட்டுச் சிறை புகுந்தான். 1776ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் அங்கு இறங்கிய கப்டன் குக், அதனைப் பாழ்த்தீவு என்னும் பொருள்படக் குறித்தான்.

கடல்கொண்ட குமரிநாடு பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இவ்விடத்தில் ஓர் எண்ணம் எழுதல் இயல்பே. கேர்கெலனும் ஹேர்ட் தீவும் கடலுள் அமிழ்ந்த ஒரு பெரும் மேட்டுநிலத்தின் கொடுமுடிகள் என்பது உண்மை. 1998-99இல் அக்கடலடியைத் துளையிட்டு ஆராய்ந்தோர், அந்நிலம் ஒருகாலத்தில் நீர்மட்டத்துக்கு மேலே மரஞ்செடிகளோடு விளங்கியதற்குச் சான்று கண்டனர். ஆயின் அம்மரங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முற்பட்டவை; மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே அந்நிலம் அமிழ்ந்துவிட்டது. ஆகவே இதனை நம் இலக்கிய மரபோடு இணைத்துக் கூறுதல் பொருந்தாது.

கப்பற் பயணம்

கேர்கெலனின் பரப்பு ஏறக்குறைய 7,200 சதுர கிலோமீற்றர். அஃதாவது இலங்கையின் ஒன்பதில் ஒரு பங்கு. அதன் உயர்ந்த சிகரமாகிய றொஸ் மலை 1,850 மீற்றர் உயரமுடையது. இத்துணைப் பெரிய தீவில் விமானத்தளம் இல்லை. நிலையான குடிகளும் இல்லை. 1950-51இல் நிறுவப்பட்ட போட் ஓ பிரான்சே என்னும் ஆய்வுநிலையத்தில் சில பதின்மர் முறைவைத்துத் தங்கிப் பணிபுரிகின்றனர். கடல்வழியே அவர்க்கு ஒரே வழி.

அவ்வழியே செல்லும் கப்பல், குரோசேயைக் கண்ட மாலுமியின் பெயரால் மரியோன் டுபிறேன் எனப்படும். 120 மீற்றர் நீளமுள்ள இக்கப்பல் 1995ஆம் ஆண்டிற் பணிக்கு வந்தது. ஆய்வாளர், உணவு, எரிபொருள், கெலிகொப்டர் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு, ஆண்டுக்கு நான்கு முறையளவில் றீயூனியன் தீவிலிருந்து புறப்பட்டுக் குரோசே, கேர்கெலன், அம்ஸ்டர்டாம் ஆகிய தீவுகளைச் சுற்றி வருகின்றது. எஞ்சிய சில அறைகளிற் கட்டணம் செலுத்தும் பயணிகளும் செல்லலாம்.

புறப்படும் துறையாகிய றீயூனியன் தமிழர்க்கு அயலானதன்று. 1848இல் அங்கு அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கெனப் புதுச்சேரி, காரைக்கால் முதலிய துறைகளினூடாக நம்மவர் பல்லாயிரவர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்தம் வழித்தோன்றல்கள் தமிழ்ப் பேச்சைப் பெரும்பாலும் இழந்தும், கோயிலையும் காவடியையும் தீமிதிப்பையும் இழந்திலர். தென்கடற் பயணி கடைசியாகக் காணும் ஊர்களிற் கோபுரங்களும் உள என்பது நாம் அறிந்து மகிழத்தக்கதாகும்.

றீயூனியனிலிருந்து குரோசே ஏறத்தாழ 2,800 கிலோமீற்றர். நாலைந்து நாட் பயணத்தில் வெப்பவலயக் கடல் நீங்கி, ஓயாத மேல்காற்று வீசும் நாற்பதாம் அகலக்கோடுகள் வந்தடையும். காற்றைத் தடுக்க நிலமின்மையால் அங்கே அலைகள் உலகைச் சுற்றி உருண்டு வருகின்றன. குரோசேயிலிருந்து கேர்கெலனுக்கு இன்னும் ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர். முழுப் பயணமும் ஒரு மாதமளவு நீளும்.

இறங்குவதற்கு முன் நிகழும் ஒரு செயல் கருதற்பாலது. பயணிகள் தம் சப்பாத்துக்களைக் கழுவித் தொற்றுநீக்கி நீரில் தோய்க்க வேண்டும். சட்டைப்பைகளின் மூலைகள், பைகளின் மடிப்புகள் யாவும் ஒரு விதையேனும் ஒட்டியிராவண்ணம் துருவித் துப்புரவாக்கப்படும். கோயில் வாயிலிற் காலலம்பிப் புகும் வழக்கமுடைய நமக்கு இஃது எளிதில் விளங்கும். ஏனைய தென்கடல் தீவுகளிலும் இவ்வொழுங்கு உண்டு. நியூசிலாந்துக்குத் தெற்கேயுள்ள ஸ்நேர்ஸ் தீவுகளிற் பயணிகள் இறங்குதல் அறவே தடுக்கப்பட்டுள்ளது. இறப்பர்ப் படகிலிருந்து காண்பதோடு அமைதல் வேண்டும்.

உயிர்வளம்

மரமற்ற இத்தீவுகளில் விலங்கும் பறவையும் இத்துணைப் பெருகியதற்குக் காரணம் நிலமன்று, கடலே. வடக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரும் தெற்கிலிருந்து வரும் குளிர்நீரும் இவ்வயலிற் சந்திக்கின்றன. கேர்கெலன் மேட்டைத் தழுவிச் செல்லும் நீரோட்டம் இரும்புச் சத்தை மேலே கொணர்கின்றது. அதனால் நுண்ணிய பாசிகள் தழைக்க, அவற்றை உண்ணும் சிற்றுயிர்களும், அவற்றை உண்ணும் மீன்களும் பெருகுகின்றன. இரை கடலிலும் பிறப்பு நிலத்திலும் ஆகவே, பரந்த கடலின் உயிர்களெல்லாம் ஈனுங்காலத்து இச்சிறு கரைகளில் நெருங்கிக் கூடுகின்றன.

அவற்றுள் அரசப் பென்குயின் கூடு கட்டுவதில்லை. ஒரே முட்டையைத் தன் பாதங்களின்மேல் ஏந்தி, வயிற்றுத் தோல்மடிப்பால் மூடி, தாயும் தந்தையும் மாறிமாறி ஏறத்தாழ 54 நாள் அடைகாக்கின்றன. அலைந்து திரியும் அல்பட்ரோசு என்னும் பறவையின் விரித்த சிறகு 3.5 மீற்றர் வரை நீளும். சிறகை அசையாது காற்றின் வேகத்தையே ஊர்தியாக்கி நெடுந்தூரம் செல்லும். அதன் குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒன்பது மாதமாகுமாதலின், இரண்டாண்டுக்கு ஒருமுறையே ஒரு முட்டை இடும். இத்தகைய உயிருக்கு ஓர் இழப்பு ஈடுசெய்தற்கரிய இழப்பாகும்.

நம் கரைக்கு வந்த யானைச் சீல் இனத்தின் ஆண் நான்கு தொன் வரை நிறையுடையது. துதிக்கை போன்ற மூக்கினாற் பெயர் பெற்றது. இரைதேடி நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழம் மூழ்குதல் அதன் அன்றாடத் தொழில். இரண்டாயிரம் மீற்றருக்கு மேலும் மூழ்கியமை பதிவாகியுள்ளது. கேர்கெலனில் ஆய்வாளர் அதன் தலையிற் சிறு கருவியை ஒட்டிவிடுகின்றனர். கப்பல்கள் செல்லாத பனிக்காலக் கடலின் வெப்பத்தையும் உவர்ப்பையும் அவ்விலங்கே அளந்து தருகின்றது. இவையன்றி, வில்சன் என்பாரின் பெயர் பூண்ட சிறு புயற்பறவையும் அங்குப் பொந்துகளில் ஈன்று, குளிர்காலத்தில் வடக்கே பறந்து, நமது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கைக் கடலில் உலாவுகின்றது.

தாவரங்களுட் சிறந்தது கேர்கெலன் கோவா. உயிர்ச்சத்து சி நிறைந்த அதன் இலை, ஸ்கேவி நோயுற்ற பழைய மாலுமிகளுக்கு மருந்தாயிற்று. கடுங்காற்றிற் பறத்தல் கேடாதலின் சிறகையே இழந்துவிட்ட ஈயினம் ஒன்றும் அங்கு உண்டு.

மனிதன் விட்டுச்சென்றவை

குக்கின் குறிப்புகள் அச்சேறியபின் சீல் வேட்டைக்காரர் வந்தனர். தோலுக்காகவும் எண்ணெய்க்காகவும் நிகழ்ந்த கொலையால் மென்மயிர்ச் சீல்கள் ஏறக்குறைய அற்றுப்போயின. 1908இல் நோர்வேயர் கேர்கெலனில் திமிங்கிலத் தொழிற்சாலை ஒன்றை அமைத்தனர். அதன் துருப்பிடித்த கொப்பரைகள் எஞ்சிக் கிடக்கின்றன. கப்பலுடைந்தோர்க்கு உணவாகட்டுமென விடப்பட்ட பன்றிகளால் குரோசேயின் ஒரு தீவு பன்றித்தீவு என்றே பெயர் பெற்றது.

கொலைஞராற் கேடு விளைந்தது வியப்பன்று. அறிஞராலும் விளைந்தது என்பதே சிந்திக்கத்தக்கது. 1874இல் சூரியனை வெள்ளி கடக்கும் காட்சியை அளக்க வந்த பிரித்தானிய வானநூலார், உணவுக்கெனக் கேர்கெலனில் முயல்களை விட்டனர். அவர் தம் கணக்கை முடித்துச் சென்றனர். முயல்களோ பெருகி, கேர்கெலன் கோவாவைத் தரையோடு மேய்ந்து தீர்த்தன. மரியோன் தீவில் 1949ஆம் ஆண்டளவில் எலி பிடிக்கவெனக் கொணர்ந்த ஐந்து பூனைகள் காலப்போக்கில் ஆயிரக்கணக்காகி, ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான கடற்பறவைகளைக் கொன்றன. 1991இல் கடைசிப் பூனை அகற்றப்பட்டது. பின்னர் எஞ்சிய எலிகள் உயிருள்ள அல்பட்ரோசுக் குஞ்சுகளையே கடித்துண்ணத் தொடங்கின.

மருந்தில்லாத நோயன்று இது. மக்குவாரித் தீவில் நீண்ட முயற்சியின் பயனாக முயலும் எலியும் முற்றாக ஒழிந்தன என 2014இல் அறிவிக்கப்பட்டது. புல்வெளிகளும் பறவைகளும் மீண்டு வருகின்றன. 2019இல் பிரான்சின் தென்கடல் தீவுகள் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

எனினும் எல்லாக் கேடும் கப்பலேறி வருவதில்லை. பன்றித்தீவில் 1980களில் ஐந்து இலட்சம் இணைகளாக மதிப்பிடப்பட்ட அரசப் பென்குயின் கூட்டம், பத்தில் ஒன்பது பங்களவு குறைந்துவிட்டதென 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கு மனிதர் எவரும் வாழ்வதில்லை. 2024இன் இறுதியில், உலகெங்கும் பரவிய பறவைக் காய்ச்சல் குரோசேயையும் கேர்கெலனையும் எட்டியது. யானைச் சீல்கள் மடிந்து கரையெங்கும் கிடந்தன. 2025இன் இறுதியில் ஹேர்ட் தீவிலும் அந்நோய் உறுதிப்பட்டது.

செல்லுதல் தகுமோ?

இந்நிலையிற் பயணிகள் அங்குச் செல்லுதல் தகுமோ என்பது நேர்மையான வினா. கண்டவரே காப்பர், காணாத ஒன்றுக்காக எவரும் வாதாடார் என்பது ஒரு சாரார் கருத்து. கப்பலெரிக்கும் எண்ணெயும் காலடியில் ஒட்டும் விதையும் கேடே என்பது மற்றொரு சாரார் கருத்து. இருவர் கூற்றிலும் உண்மையுளது. வரலாற்றை நோக்குமிடத்து, அத்தீவுகளைக் கெடுத்தது வந்தோரின் தொகை மட்டுமன்று. விட்டுச்செல்வதைப் பற்றி அவர் எண்ணாமையே என்பது புலனாகும். ஐந்து பூனைகள் போதுமாயிருந்தன. ஆகவே கால்கழுவிப் புகுந்து, ஒன்றும் விடாது மீள்பவன் செல்லலாம். அவ்வொழுங்கைச் சுமையெனக் கருதுபவன் தன் ஊரில் இருத்தலே நன்று.

தன் ஊரில் இருப்பவனுக்கும் அவ்வொழுங்கு வேண்டும் என்பதைக் கொலன்னாவையில் வாழும் நாம் பிறர் சொல்ல அறியவேண்டியதில்லை. நமது சதுப்புநிலங்களும் ஒருவகைத் தீவுகளே. நகரக் கடலின் நடுவே கொக்கும் நீர்க்காகமும் ஒதுங்கும் இடங்கள். அவற்றை வெற்றுநிலம் என எண்ணிக் குப்பை கொட்டினோம். 2017ஆம் ஆண்டு ஏப்ரில் 14ஆம் நாள், புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து வீடுகளையும் மனிதரையும் புதைத்தது. அடுத்த ஆண்டில், எஞ்சிய சதுப்புநிலங்களின் பொருட்டுக் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமென மதிப்பளிக்கப்பட்டது. இழிவும் மதிப்பும் ஒரே நிலத்தின்பால் ஓராண்டு இடைவெளியில் வந்தன.

போட் ஓ பிரான்சேயிற் பணிபுரிவோர் தம் கழிவுகளைப் பொதிந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்புகின்றனர். கேர்கெலனை நம் மாணவருட் பலர் காணப்போவதில்லை. ஆயினும் அத்தீவின் இனத்தது ஒன்று 6,300 கிலோமீற்றர் நீந்தி நம் கரையைக் கண்டுவிட்டது. இனியொன்று வருமாயின், அது கரையேறும் மணலிற் பிளாத்திக்குப் பைகள் கிடவாதிருக்கச் செய்தல் நம் கையிலுள்ளது.