கம்பியில்லாமற் பேசும் சிறு பலகை

கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகள் உண்மையில் உள்ளன என்பதை ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1888-ஆம் ஆண்டளவிற் சோதனை வாயிலாக நிலைநாட்டினார். இன்றோ, அத்தகைய அலைகளை எழுப்பவும் ஏற்கவும் வல்லதோடு, கணக்கிட்டு வேலை செய்யவும் வல்ல கருவியொன்று நம் உள்ளங்கையில் அடங்குகின்றது. அதுவே ஈ.எஸ்.பி.32 என்னும் மைக்ரோகண்ட்ரோலர் பலகையாம். விடுதி நண்பர் ஐவருடன் கூடி இதனைப் பயன்படுத்தப் புகுந்தவிடத்து யாம் பெற்ற அறிவையும் அடைந்த நட்டத்தையும், பின்வரும் மாணவர்க்குப் பயன்படுமாறு ஈண்டுக் கூறுவோம்.

மைக்ரோகண்ட்ரோலர் என்பது கணக்கிடும் உறுப்பையும் நினைவகத்தையும் வெளிப்பொருள்களோடு தொடர்பு கொள்ளும் முனைகளையும் ஒரே சில்லில் அடக்கிய சிறு கணினி. ஈ.எஸ்.பி.32 சில்லை ஷாங்காய் நகரிலுள்ள எஸ்பிரஸ்ஸிஃப் நிறுவனத்தார் 2016-இல் வெளியிட்டனர். அம்முதல் வகையில் நொடிக்கு 24 கோடித் துடிப்பு வரை இயங்கும் இரண்டு கணிப்பு உறுப்புகளும், 520 கிலோபைட் நினைவகமும், வைஃபை, ப்ளூடூத் ஆகிய இரண்டும் அமைந்துள்ளன.

பலகை கைக்கு வந்த முதல் நாள் மாலை, அதனைக் கணினியோடு இணைத்தோம். பலகையின் சிறு விளக்கு எரிந்தது; ஆயினும் கணினி அதனை அறிந்ததாகக் காட்டவில்லை. பலகை பழுதுடையது என்று நண்பரொருவர் முடிவே கட்டிவிட்டார். உண்மையில் பழுது கம்பியில் இருந்தது. யு.எஸ்.பி. கம்பிகளுட் சில மின்சாரத்தை மட்டும் கடத்துவன. செய்தியைக் கடத்தும் இழைகள் அவற்றில் இல்லை. கம்பியை மாற்றியும் கணினி அறியாதாயின், பலகையிலுள்ள யு.எஸ்.பி. சில்லுக்குரிய டிரைவரைக் கணினியில் நிறுவுதல் வேண்டும். அச்சில்லு பெரும்பாலும் சி.பி.2102 அல்லது சி.எச்.340 என்னும் பெயருடையதாயிருக்கும்.

அடுத்து, ஆர்டுயினோ மென்பொருளில் ஈ.எஸ்.பி.32-க்குரிய தொகுதியைச் சேர்த்து, பலகையின் வகையையும் அது பொருந்திய வாயிலையும் தேர்ந்தெடுத்தோம். நிரலை ஏற்றுங்கால் திரையிற் புள்ளிகள் தோன்றிக்கொண்டேயிருந்து, பின்னர்ப் பிழையென அறிவிப்பு வந்தது. இதற்கும் காரணம் எளிது. பூச்சிய எண் முனை தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்க, சில்லு விழித்தெழுந்தாலன்றிப் புதிய நிரலை ஏலாது. பல பலகைகள் இதனைத் தாமே செய்துகொள்ளும். செய்யாதவற்றில், புள்ளிகள் தோன்றும்போது ‘பூட்’ எனும் பொத்தானை அழுத்திப் பிடித்தல் வேண்டும். அவ்வாறு செய்ததும் நிரல் ஏறிற்று. விளக்கு நொடிக்கொருமுறை கண்சிமிட்டிற்று. அச்சிறு ஒளியைக் கண்டு யாம் எய்திய மகிழ்ச்சி கொஞ்சமன்று.

வைஃபையிற் சேர்க்குங்கால் இரண்டு தடைகள் நேர்ந்தன. இச்சில்லு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் அறியும். எம் கைப்பேசியோ 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. ஆதலின் பெயரும் கடவுச்சொல்லும் சரியாயிருந்தும் பலகை அதனைக் காணவில்லை. இரண்டாவது, அலையை எழுப்பும் கணத்திற் சில்லு நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். வலுவற்ற மின்வழங்கியாயின் அழுத்தம் தாழ்ந்து, பலகை மீண்டும் மீண்டும் தன்னைத்தானே தொடங்கிக்கொள்ளும். 500 மில்லிஆம்பியருக்குக் குறையாது தரும் வழங்கியே தக்கது.

இதுகாறும் கூறிய குறைகளெல்லாம் தீர்க்கத்தக்கன. தீராத குறையொன்றையும் யாமே விளைவித்துக்கொண்டோம். விடுதி நீர்த்தொட்டியின் அளவை மாடியேறாது அறியவேண்டுமென்பது எம் நோக்கம். அதற்கென எச்.சி.எஸ்.ஆர்.04 என்னும் ஒலியலை உணரியைப் பலகையோடு நேரே பிணைத்தோம். அவ்வுணரி 5 வோல்ட்டில் விடையிறுப்பது. பலகையின் முனைகளோ 3.3 வோல்ட்டுக்கே உரியன. சிறிது நேரத்திற் பலகை சூடேறிச் செயலற்றது. அறுவரும் சிற்றுண்டிச் செலவைக் குறைத்துச் சேர்த்த பணம் அது. குறிப்பேட்டின் ஒரு வரியைப் படியாமையே அந்நட்டத்துக்குக் காரணம்.

இரண்டாம் பலகைக்கு மீளவும் பணம் சேர்த்தோம். இம்முறை உணரியின் விடைமுனைக்கும் பலகையின் முனைக்கும் இடையே 1,000 ஓம் தடையொன்றும், பலகையின் முனைக்கும் தரைக்கும் இடையே 2,000 ஓம் தடையொன்றும் வைத்தோம். அதனால் 5 வோல்ட் மூன்றில் இரு பங்காகக் குறைந்து, ஏறக்குறைய 3.3 வோல்ட் ஆயிற்று. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வது. தொட்டியின் மேலிருந்து எழுந்த ஒலி நீரிற்பட்டு 5,800 மைக்ரோநொடியில் மீளுமாயின், போய்வந்த தூரத்திற் பாதியாகிய சுமார் 1 மீட்டர் ஆழத்தில் நீர் உள்ளதென அறியலாம். பலகை இதனைக் கணக்கிட்டுச் சிறு வலைப்பக்கமாக அளிக்க, அதே வைஃபையிற் சேர்ந்த எவரும் தம் கைப்பேசியிற் காண்கின்றனர். நிரலினுள் வைஃபையின் கடவுச்சொல் எழுதப்பட்டிருத்தலின், அதனைப் பிறர்க்குக் கொடுக்குமுன் அவ்வரியை நீக்குதல் மறவற்க.

நண்பர்காள்! பலகை பேசாதபோது அதனைப் பழிக்குமுன், கம்பி, டிரைவர், பொத்தான், மின்வழங்கி, அலைவரிசை என்னும் இவற்றை ஒவ்வொன்றாக, ஒருகாலத்து ஒன்றையே மாற்றிப் பார்மின். ஆனால் எந்த முனையிலும் எதனையும் பிணைக்குமுன் அதன் வோல்ட் அளவை அளந்தறிமின். முன்னவை பொறுமையால் தீரும். பின்னது முன்னெச்சரிக்கையாலன்றித் தீராது. எம் ஆய்வுக்கூட மேசையின் மேல், செயலற்ற அம்முதற் பலகையை இன்றும் வைத்துள்ளோம். புதிதாய் வரும் மாணவர்க்கு யாம் முதலிற் காட்டுவது அதனையே.