மழையில் வழங்கப்பட்ட வெற்றிக் கோப்பை



கிரிக்கெட்டும் கால்பந்தும் நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு நன்கு அறிமுகமானவை. கோல்ஃப் அவ்வாறன்று. செல்வந்தர்களின் பொழுதுபோக்குக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்றெண்ணி, நாளிதழில் அச்செய்தி வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றோம். எனினும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரோடு பிணைந்த 'நேட்டால் ஓப்பன்' என்னும் சிறிய வருடாந்தரப் போட்டியின் வரலாறு, விளையாட்டில் நாட்டம் இல்லாதோரும் அறிய வேண்டியதாகும்.

கோல்ஃப் ஆட்டத்தின் அடிப்படை எளிது. புல்வெளியில் ஆங்காங்கே அமைந்த பதினெட்டுக் குழிகளில் சிறு பந்தை மட்டையால் அடித்து வரிசையாகச் சேர்க்க வேண்டும். பெரும்பாலான தொழில்முறைப் போட்டிகளில் நான்கு சுற்றுகள், அதாவது 72 குழிகள். மிகக் குறைந்த அடிகளில் முடித்தவரே வெற்றியாளர். இதில் எதிராளியின் நிறமோ குலமோ குறுக்கிடுவதில்லை. ஆனால், குறுக்கிடச் செய்தது ஓர் அரசு.

கடல் கடந்த நம்மவர்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் பணிபுரிய ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் அதில் இருந்தனர். 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர் இவ்வாறு நேட்டாலில் இறங்கினர். அவர்களுள் தமிழர் ஏராளம். அவர்களைத் தொடர்ந்து, சொந்தச் செலவில் பயணம் செய்த வணிகர்களும் அங்கே குடியேறினர். காந்தியடிகள் 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்றது, தாதா அப்துல்லா என்னும் முஸ்லிம் வணிகரின் வழக்குக்காகத்தான் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

அந்த இந்திய சமுதாயத்தில், எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர் செவ்சங்கர் செவ்கோலம். 'பாப்வா' என்பது அவருடைய செல்லப் பெயர். முறையான பள்ளிக் கல்வி பெறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. டர்பனின் பீச்வுட் மைதானத்தில் வெள்ளையர்களின் மட்டைப் பைகளைச் சுமக்கும் 'கேடி'யாகப் பணியாற்றியபடியே, ஆடுவோரைப் பார்த்துப் பார்த்துத் தாமே ஆட்டத்தைக் கற்றார். வலக்கை ஆட்டக்காரர்கள் இடக்கையை மேலேயும் வலக்கையைக் கீழேயும் வைத்து மட்டையைப் பிடிப்பது வழக்கம். இவரோ அதற்கு நேர்மாறாகப் பிடித்தார். திருத்துவதற்கு ஆசிரியர் எவரும் இல்லாததால் அந்தப் பிடியே அவருக்கு நிலைத்துவிட்டது.

பிற்காலத்தில் 'ஆயில் ஆஃப் ஓலே' என்னும் முகப்பூச்சை உருவாக்கியவராக அறியப்பட்ட கிரகாம் உல்ஃப், இவருடைய திறமையைக் கண்டு ஐரோப்பா செல்ல உதவினார். 1959-இல் நெதர்லாந்தின் டச்சு ஓப்பன் பட்டத்தைப் பாப்வா வென்றார். 1960-இலும் 1964-இலும் அதே பட்டம் மீண்டும் அவர் கைக்கு வந்தது.

உள்ளே அவர்கள், வெளியே அவர்

வெளிநாட்டில் வாகை சூடியவருக்குத் தாய்நாட்டில் கிடைத்த வரவேற்பு எத்தகையது? 1950-இல் இயற்றப்பட்ட குழுப் பகுதிகள் சட்டமும், 1953-இல் வந்த தனி வசதிகள் சட்டமும் அங்கே வாழ்விடத்தையும் பொது இடங்களையும் நிறவாரியாகப் பிரித்திருந்தன. நெடிய முயற்சிக்குப் பிறகே, 1963-ஆம் ஆண்டின் நேட்டால் ஓப்பனில் வெள்ளையருடன் ஆட அவருக்கு இசைவு கிடைத்தது. இந்துமாக்கடலின் ஓரத்தில் 1922-இல் திறக்கப்பட்ட டர்பன் கன்ட்ரி கிளப்பே போட்டிக் களம்.

பாப்வா வென்றார்.

ஆடுவதற்குத்தான் இசைவு இருந்தது. கிளப் மாளிகைக்குள் நுழைவதற்கு இல்லை. பரிசளிப்பின் போது மழை பொழிந்துகொண்டிருந்தது. தோற்ற வெள்ளையர் கூரையின் கீழ் இருக்க, வென்றவர் வெளியில் மழையில் நின்று கோப்பையைப் பெற்றுக்கொண்டார். வெள்ளையர் கிளப்புகளில் உணவு பரிமாறும் பணியாளராக இந்தியர் உள்ளே நடமாடலாம். வெற்றியாளராகச் செல்ல இயலாது. அந்நாளைய முறையின் விந்தை அது!

அக்காட்சியின் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. நிறவெறி என்பது அன்றாட வாழ்வில் எவ்வாறு இயங்குகிறது என்பதை, நூறு சொற்பொழிவுகளை விடத் தெளிவாக அப்படம் உணர்த்திற்று. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக எழுந்த விளையாட்டுப் புறக்கணிப்புக்கு வலுச் சேர்த்தவற்றுள் அதுவும் ஒன்று. 1964-ஆம் ஆண்டின் டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்நாட்டுக்கு இடம் தரப்படவில்லை. 1970-இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே அது நீக்கப்பட்டது.

வெற்றிக்குக் கிடைத்த தண்டனை

1965-இல் பாப்வா நேட்டால் ஓப்பனை மீண்டும் வென்றார். இம்முறை அவரிடம் தோற்றவர்களுள் கேரி பிளேயரும் ஒருவர். அதே ஆண்டில் அமெரிக்க ஓப்பனை வென்று, கோல்ஃப் உலகின் நான்கு பெரும் பட்டங்களையும் பெற்றவர் என்ற சிறப்பை எய்திய மாவீரர் அவர்!

அரசு விழித்துக்கொண்டது. 1966-இல் உள்நாட்டுப் போட்டிகளில் பாப்வா கலந்துகொள்வது தடுக்கப்பட்டது. பார்வையாளராகக் கூட மைதானத்தினுள் செல்லத் தடை. கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டதால் வெளிநாட்டில் ஆடும் வழியும் அடைபட்டது. ஆட்டத்தையே வருவாயாகக் கொண்ட ஒரு குடும்பத் தலைவரின் பிழைப்பு ஓர் உத்தரவால் பறிபோயிற்று. வறுமையில் உழன்ற அவர் 1978-இல் மாரடைப்பால் காலமானார். நாற்பதுகளைக் கூட அவர் தாண்டவில்லை.

காலம் மாறியது. 1994-இல் அனைவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடைபெற்றது. நேட்டால் மாகாணம் குவாசுலு-நேட்டால் ஆயிற்று. டர்பனில் உள்ள நகராட்சிக் கோல்ஃப் மைதானம் ஒன்று பாப்வாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே டர்பனில் பிறந்த ஹாஷிம் ஆம்லா, 2004-இல் தென்னாப்பிரிக்க டெஸ்ட் கிரிக்கெட் அணியில் இடம்பெற்றார். 2014-இல் அதன் தலைவருமானார். பாப்வாவுக்கு மூடப்பட்டிருந்த கதவு அடுத்த தலைமுறைக்குத் திறந்தது. ஆனால், அவர் இழந்த ஆண்டுகளை எந்த விருதாலும் பெயர்ப்பலகையாலும் திருப்பித் தர முடியாது.

வாசகர்களே, அந்த மழை நாளில் மாளிகைக்குள் இருந்தவர்கள் அனைவரும் கொடியவர்கள் என்று கொள்வதற்கில்லை. பலர் நல்ல தந்தையராக, நல்ல அண்டை வீட்டாராக இருந்திருக்கக்கூடும். 'வழக்கம் அப்படி, சட்டம் அப்படி' என்று அமைதி காத்தனர், அவ்வளவே. நம் இல்லத்து நிக்காஹ் விருந்தில் பாத்திரம் துலக்க வந்த பெண் எங்கே அமர்ந்து உண்கிறாள்? வேலைக்கு வருபவருக்கென நம் அடுக்களையில் தனிக் குவளை இருக்கிறதா? இவ்வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் முன், இக்கேள்விகளுக்கான விடையை நாம் தேடிக்கொள்வது நலம். பிள்ளைகள் நம்மிடம் அதைக் கேட்கக்கூடும்.