செம்பின் கருப்புக்குள் ஒரு கிரிவலம்!

காந்தம் திரும்பி நிற்கிறது; மின்சாரம் பிறக்கிறது

கார்த்திகை தீபத் திருநாள். மாலை நேரம். திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில், செப்புக் கொப்பரையில் தீபம் ஏற்றப்படுகிறது. "அரோகரா" என்ற முழக்கம் வானைப் பிளக்கிறது.

தீபம் 11 நாள் எரிகிறது. பிறகு கொப்பரையில் சேர்ந்த கரியில் மை தயாரித்து, பக்தர்களுக்கு வழங்குகிறார்கள்.

அந்தக் கருப்பு, நெய்யும் திரியும் தந்தது. செம்புக்குச் சொந்தமாக இன்னொரு கருப்பு உண்டு. செம்பை நெருப்பில் பழுக்கக் காய்ச்சினால், அதன்மேல் கருப்புப் படலம் பிடிக்கும். ஆறியதும் செதில் செதிலாக உதிரும். செம்பும் காற்றில் உள்ள பிராணவாயுவும் கூடிப் பிறந்த பொருள் அது. அதன் பெயர் தாமிர ஆக்சைடு.

சாதாரணப் பொருள்தான். ஆனால் அதற்குள் ஓர் அதிசயம் இருக்கிறது!

குட்டிக் காந்தங்கள்

தாமிர ஆக்சைடில் உள்ள ஒவ்வொரு செம்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். திசைகாட்டும் முள்ளைப் போல அதற்கும் ஒரு திசை உண்டு.

ஆனாலும் காந்தத்தைக் கொண்டுபோனால் அந்தக் கருப்புத் தூள் ஒட்டாது. ஏன்? ஓர் அணு ஒரு பக்கம் பார்த்தால், அடுத்த அணு எதிர்ப்பக்கம் பார்க்க விரும்புகிறது. ஒன்றின் பலத்தை மற்றொன்று அழித்துவிடுகிறது.

மூவர் சண்டை

இங்கேதான் ஒரு சிக்கல்.

மூன்று அணுக்கள் வரிசையாக நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் அணு வடக்கே பார்க்கிறது. இரண்டாவது தெற்கே பார்க்கிறது. இதுவரை சண்டை இல்லை.

மூன்றாவது அணு எந்தப் பக்கம் பார்ப்பது? இரண்டாவது அணு, "எனக்கு எதிராக நில்" என்கிறது. முதல் அணுவும் "எனக்கு எதிராக நில்" என்கிறது. வடக்கே பார்த்தால் முதல் அணுவுக்குப் பிடிக்காது. தெற்கே பார்த்தால் இரண்டாவது அணுவுக்குப் பிடிக்காது. இருவரையும் திருப்திப்படுத்த வழியே இல்லை!

இந்த நிலைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் "விரக்தி".

விட்டுக்கொடுத்தால் சுழல்

வீட்டுச் சண்டை எப்படித் தீர்கிறது? ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால்தான். அணுக்களும் அப்படியே செய்கின்றன. நேர் எதிராக நிற்காமல், ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் திரும்பி நிற்கிறது.

பௌர்ணமி இரவில் கிரிவலம் வருகிறவர்களைப் பாருங்கள். மலைக்குக் கிழக்கே வரும்போது முகம் தெற்கே இருக்கும். தெற்கே வந்ததும் மேற்கே திரும்பும். பிறகு வடக்கு, பிறகு கிழக்கு. 14 கிலோமீட்டர் பாதையில், ஒருவர் முகத்தைவிட அடுத்தவர் முகம் சற்றே திரும்பியிருக்கும்.

அந்த வட்டப் பாதையை நேராக நிமிர்த்தி, முகங்களை மட்டும் அப்படியே விட்டால் எப்படி இருக்கும்? அதுதான் காந்தச் சுழல். ஒரு வித்தியாசம்: பக்தர்கள் நடக்கிறார்கள். அணுக்களோ நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

மின்சாரம் எப்படி?

பக்கத்துக் காந்தங்கள் இப்படித் திரும்பி நிற்கும்போது, பொருளில் உள்ள எலெக்ட்ரான்கள் மிகச் சிறிதளவு ஒரு பக்கமாக ஒதுங்குகின்றன. உடனே ஒரு முனையில் நேர் மின்சாரமும், மறுமுனையில் எதிர் மின்சாரமும் தோன்றுகின்றன. இது விளக்கு எரிக்கும் மின்சாரம் அல்ல. அளவும் மிகக் குறைவு.

வலமாகச் சுழன்றால் மின்சாரம் ஒரு திசையில் இருக்கும். இடமாகச் சுழன்றால் அது தலைகீழாக மாறிவிடும்!

2003-ல் ஜப்பான் விஞ்ஞானி ட்சுயோஷி கிமுராவும் அவருடைய சகாக்களும், டெர்பியமும் மாங்கனீசும் கலந்த ஒரு படிகத்தில் காந்த ஒழுங்கினால் மின்சாரம் தோன்றுவதைக் கண்டார்கள். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே 245 டிகிரி சென்டிகிரேடு குளிர் தேவைப்பட்டது.

2008-ல் கிமுரா குழுவினர் தாமிர ஆக்சைடைச் சோதித்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 43 டிகிரியிலேயே மின்சாரம் தோன்றியது! 60 டிகிரிக்குக் கீழே போனதும் மறைந்தது. அந்தக் குளிரில் காந்தங்கள் சுழலைக் கைவிட்டு, ஒரே கோட்டில் நேர் எதிராக நின்றுவிடுகின்றன.

மக்களுக்கு என்ன லாபம்?

கம்ப்யூட்டரின் காந்தத் தகட்டில் செய்தியைப் பதிய, கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடவேண்டும். அதில் ஒரு பங்கு சூடாக வீணாகிறது.

சுழல் காந்தத்தில் அந்த ஓட்டம் தேவையில்லை. மின் அழுத்தம் கொடுத்தாலே போதும். தாமிர ஆக்சைடில் இப்படி வலச்சுழலை இடச்சுழலாக மாற்ற முடியும் என்று 2012-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. வலம் என்றால் "ஆம்". இடம் என்றால் "இல்லை". இந்த இரண்டு சொற்களே கம்ப்யூட்டரின் மொழி.

குளிர்தான் தடை

வீட்டுப் பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 18 டிகிரிதான் இருக்கும். திருவண்ணாமலையின் கோடையோ 40 டிகிரியைத் தொடும். 43 டிகிரி உறைகுளிருக்கு எங்கே போவது?

அழுத்தினால் வழி பிறக்கும் என்று 2013-ல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2022-ல் ஜப்பானின் நோரிக்கி டெராடா குழுவினர் அதைச் செய்து பார்த்தார்கள். காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம் மடங்கு அழுத்தியபோது, 22 டிகிரியிலும் காந்தச் சுழல் நின்றது!

அவ்வளவு அழுத்தத்தைச் சட்டைப்பையில் வைக்கும் டெலிபோனுக்குள் கொண்டுவர முடியாது. ஆனால் சாதாரண வெப்பத்திலும் இந்தச் சுழல் நிற்கக்கூடும் என்பது தெரிந்துவிட்டது. அழுத்தம் இல்லாமல் அதை நிற்கவைப்பதே இனி விஞ்ஞானிகளின் வேலை.

செம்பில் கருப்புப் படிந்தால் புளி போட்டுத் தேய்த்துவிடுகிறோம். அடுத்த முறை தேய்க்கும்போது, ஒரு நிமிஷம் அதை உற்றுப் பாருங்கள்!