ரவுட்டர் இழைப்புளியை வீட்டிலேயே செய்தல்

ரவுட்டர் இழைப்புளி என்பது மரத்தில் வெட்டிய குழி அல்லது காடியின் அடிப்பரப்பை ஒரே ஆழத்துக்குக் கொண்டுவர உதவும் தச்சுக் கைக்கருவி ஆகும். சாதாரண இழைப்புளி தான் அமரும் மேற்பரப்பையே சீவும். ரவுட்டர் இழைப்புளியோ மேற்பரப்பில் அமர்ந்துகொண்டு, அதற்குக் கீழே இருக்கும் பரப்பைச் சீவும். இதன் அலகு அடிக்கட்டைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டிய அளவுக்கு மேல் அது இறங்க முடியாது என்பதால், குழியின் எந்த இடத்திலும் ஆழம் மாறாது. ஒரு கட்டை, ஓர் ஆலன் சாவி, ஒரு போல்ட் ஆகியவற்றைக் கொண்டு இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

வரலாறு

மரக்கட்டையில் ஒற்றை அலகைச் செருகி ஆப்பு அடித்த பழைய வடிவத்துக்கு இங்கிலாந்துத் தச்சர்கள் 'கிழவியின் பல்' என்று பொருள்படும் பெயரை வைத்திருந்தனர். அடியில் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் அலகே இப்பெயருக்குக் காரணம். ஜெர்மன் மொழியில் இது 'குருண்ட்ஹோபெல்', அதாவது அடிப்பரப்பு இழைப்புளி எனப்படுகிறது. அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனத்துக்காக ஜஸ்டஸ் டிராட் வடிவமைத்த உலோக ரவுட்டர் இழைப்புளி 1884-இல் காப்புரிமை பெற்றது. எண் 71 என்று அறியப்படும் அந்த வடிவமே இன்றைய கருவிகள் பலவற்றுக்கும் முன்மாதிரி. இன்று கனடாவின் வெரிட்டாஸ், அமெரிக்காவின் லை-நீல்சன் ஆகிய நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன.

மந்தைவெளியில் இதன் தேவை

சென்னையில் மயிலாப்பூரை ஒட்டி, கடற்கரைக்கு அருகில் அமைந்த குடியிருப்புப் பகுதி மந்தைவெளி. இங்கு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே, மெட்ராஸ் டெரஸ் கூரையும் தேக்குக் கதவுகளும் கொண்ட பழைய வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. மிகப் பழைய கதவுகள் குடுமியில் சுழல்பவை. அவற்றுக்குப் பின் வந்தவை கீலில் தொங்குபவை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் மரம் ஈரத்தை உறிஞ்சி அகலவாக்கில் விரியும். கதவு நிலையில் உரசும். பெரும்பாலான வீடுகளில் உடனே செய்யப்படும் வேலை, பூட்டுப் பக்க விளிம்பை இழைத்து விடுவதுதான். கோடை வந்ததும் அங்கே இடைவெளி விழும். ஆனால் சீவிய மரம் திரும்பி வராது. சில மழைக்காலங்கள் இப்படியே கழிந்தால், பூட்டின் நாக்கு நிலைக்கு எட்டாத அளவுக்குக் கதவு ஒடுங்கிவிடும். அதன்பின் நல்ல தேக்குக் கதவைக் கழற்றிவிட்டுப் புதிய கதவு போடுவது ஒன்றே வழி என்று ஆகிவிடுகிறது.

உரசலுக்குக் காரணம் எல்லா நேரமும் மழை அல்ல. கீலின் தகடு பதிவதற்காக வெட்டிய குழி சீராக இல்லாவிட்டாலும் கதவு உரசும்:

- மேல் கீலின் குழி கீழ்க் கீலின் குழியைவிட ஆழம் குறைந்திருந்தால், கதவின் தலைப்பகுதி பூட்டுப் பக்கம் தள்ளப்படும். இரு கீல்களுக்கும் இடையே 1.5 மீட்டர் தொலைவு இருந்து, குழிகளின் ஆழத்தில் 1 மி.மீ. வேறுபாடு இருந்தால், பூட்டுப் பக்க மேல் மூலை ஏறத்தாழ 1 மி.மீ. நகரும். கதவைச் சுற்றி விடப்படும் இடைவெளியே 2 அல்லது 3 மி.மீ. தான்.
- இரண்டு குழிகளும் தேவைக்கு மேல் ஆழமாக இருந்தால், கதவு முழுவதும் மூடுவதற்கு முன்பே கீல் பக்க விளிம்பு நிலையில் முட்டும். அழுத்தி மூடினாலும் கதவு துள்ளித் திரும்பும். கீலின் திருகுகள் நாளடைவில் இளகும்.
- குழியின் அடி மேடுபள்ளமாக இருந்தால், திருகை இறுக்கும்போது தகடு ஒரு பக்கமாகச் சாயும்.

எது காரணம் என்று அறிவது எளிது. கதவை மூடி, பூட்டுப் பக்க இடைவெளியை மேலிருந்து கீழ்வரை பார்க்க வேண்டும். இடைவெளி முழு நீளத்துக்கும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் மரம் விரிந்திருக்கலாம். மேலே நெருங்கி, கீழே அகன்று இருந்தால் முதலில் கீல் குழிகளைச் சோதிக்க வேண்டும். குழியைச் சரிசெய்யும் வேலைக்கு ஏற்ற கருவி ரவுட்டர் இழைப்புளி. மின்சார ரவுட்டரும் இதைச் செய்யும் என்றாலும், அதன் இரைச்சலும் தூசியும் அடுக்குமாடி வீட்டுக்குள் ஒத்துவருவதில்லை. ஒன்றிரண்டு குழிகளுக்குக் கைக்கருவியே போதும்.

தேவையான பொருட்கள்

- அடிக்கட்டை: நீளம் 260 மி.மீ., அகலம் 100 மி.மீ., தடிப்பு 35 மி.மீ.
- 10 மி.மீ. ஆலன் சாவி ஒன்று
- தலையில் வளையம் உள்ள 8 மி.மீ. போல்ட் ஒன்று. வளையத்தின் உள்விட்டம் குறைந்தது 12 மி.மீ.
- வாஷர், கையால் திருகக்கூடிய விங் நட்

அடிக்கட்டைக்குப் புது மரத்தைவிட, இடிக்கப்பட்ட வீட்டின் பழைய தேக்கு உத்தரத் துண்டு நல்லது. பல ஆண்டுகள் உலர்ந்த மரம் எளிதில் முறுக்கிக்கொள்ளாது. ஆணி எதுவும் உள்ளே இல்லை என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

அடிக்கட்டையின் நீளம் வேலையைப் பொறுத்தது. அலகு குழியின் ஒரு முனையில் இருக்கும்போதும், கட்டையின் மறுமுனை குழியைத் தாண்டித் திடமான மரத்தில் அமர வேண்டும். ஆகவே குழியின் நீளத்துடன் 30 மி.மீ. கூட்டி, அதை இரண்டால் பெருக்கினால் தேவையான நீளம் கிடைக்கும். 100 மி.மீ. கீலுக்கு இது 260 மி.மீ. ஆகிறது.

செய்முறை

1. கட்டையின் அடிப்பரப்பைத் துல்லியமாக மட்டப்படுத்த வேண்டும். தட்டையான கண்ணாடியின் மேல் உப்புத்தாளை ஒட்டி, கட்டையை அதன்மேல் தேய்ப்பது எளிய வழி. மர இழை கட்டையின் நீளவாக்கில் ஓட வேண்டும்.

2. முன்விளிம்பின் நடுவில் 40 மி.மீ. அகலமும் 55 மி.மீ. ஆழமும் உள்ள வாயை, கட்டையின் முழுத் தடிப்புக்கும் வெட்ட வேண்டும். அலகு சீவுவதைப் பார்க்கவும் செத்தை வெளியேறவும் இந்த வாய் உதவும்.

3. வாயின் பின்சுவர் நடுவில், ஆலன் சாவியின் நீளத் தண்டு செங்குத்தாகப் பதியும்படி ஆழமற்ற பள்ளம் எடுக்க வேண்டும். சாவியைக் குட்டைக் கால் முன்னோக்கி இருக்கும்படி வைத்துப் பார்த்து, சுவரைத் தொடுவது முனை என்றால் அகன்ற 'வி' வடிவிலும், தட்டைப் பக்கம் என்றால் தட்டையாகவும் பள்ளம் எடுக்கலாம். தண்டு அடிப்பரப்புக்குச் செங்குத்தாக இருப்பதை மூலைமட்டத்தால் சோதிக்க வேண்டும்.

4. கட்டையின் பின்விளிம்பிலிருந்து பின்சுவர் வழியாக வாய்வரை 8 மி.மீ. துளை இட வேண்டும். வளையம் வாய்ப்பக்கம் இருக்கும்படி போல்ட்டைச் செருகி, சாவித் தண்டை வளையத்துக்குள் நுழைத்து, பின்புறம் வாஷரும் விங் நட்டும் போட வேண்டும். நட்டை இறுக்கினால் வளையம் தண்டைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். வளையம் சுவரில் முட்டி நின்றுவிட்டால், அது பதிய அங்கே சற்றே குடைந்துவிட வேண்டும்.

5. சாவியின் குட்டைக் காலை 25 மி.மீ. நீளத்துக்குக் குறைத்து அலகாக்க வேண்டும். சாவியின் எஃகு கடினமானது, கைரம்பத்துக்கு அடங்காது. கிரைண்டரில் மெல்லிய வெட்டுத் தட்டு போட்டு அறுக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். எஃகு நீலம் பாய்ந்தால் கடினத்தை இழந்துவிடும் என்பதால், அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொண்டே தேய்க்க வேண்டும்.

6. அலகின் அடிப்பக்கத்தைத் தட்டையாகவும், மேற்பக்கத்தை ஏறத்தாழ 30 பாகைச் சாய்விலும் தீட்ட வேண்டும். அடிப்பக்கம் கிடைமட்டமாக இருக்கக் கூடாது. வெட்டும் முனையே மிகத் தாழ்ந்த இடமாகவும், குதிப்பக்கம் சற்று உயர்ந்தும் இருக்க வேண்டும். மூன்று, நான்கு பாகைச் சாய்வு போதும். இது இல்லாவிட்டால் அலகு மரத்தைக் கடிக்காமல் வழுக்கும்.

உளியைக் கொண்ட எளிய வடிவம்

ஆலன் சாவியைத் தீட்ட வசதி இல்லாதவர்கள், கட்டையில் 45 பாகைச் சாய்வில் துளை எடுத்து, 10 அல்லது 12 மி.மீ. உளியைச் செருகி ஆப்பு வைத்து இறுக்கலாம். உளியின் சாய்வாகத் தீட்டிய பக்கம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். சுத்தியலால் மெல்லத் தட்டி ஆழத்தை மாற்றலாம். ஆனால் சாய்ந்த உளியால் குழியின் மூலை வரை எட்டுவது கடினம்.

கீல் குழியில் பயன்படுத்துதல்

ஆழத்தை அளவுகோலால் அளக்கத் தேவையில்லை. ஒரே வகைக் கீல்கள் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றின் தகட்டையும் கண்ணாடியின் மேல் தட்டையாக வைத்து, அடிக்கட்டையின் இரு முனைகளையும் அத்தகடுகளின் மேல் அமர்த்த வேண்டும். கீலின் உருளைப் பகுதி கட்டைக்கு வெளியே இருக்கட்டும். அலகைக் கண்ணாடியைத் தொடும்வரை இறக்கி நட்டை இறுக்கினால், தகட்டின் தடிப்பே குழியின் ஆழமாகிவிடும். எல்லாக் குழிகளுக்கும் இதே அமைப்பை மாற்றாமல் பயன்படுத்த வேண்டும்.

புதிய குழியானால், அதன் எல்லையைக் கூரிய கத்தியால் கீறி, கொட்டாப்புளியும் உளியும் கொண்டு 1 மி.மீ. மிச்சம் வைத்துப் பெருமளவு மரத்தை எடுத்துவிட வேண்டும். எஞ்சியதை மட்டுமே ரவுட்டர் இழைப்புளி சீவ வேண்டும். முதல் சுற்றுக்கு அலகைச் சற்று மேலே வைத்துச் சீவிவிட்டு, இறுதி ஆழத்துக்கு இறக்கலாம். கட்டையின் இரு முனைகளையும் அழுத்திப் பிடித்து, குறுகிய வீச்சுகளில் தள்ள வேண்டும்.

கதவின் விளிம்பு குறுகியது. கட்டை அதன்மேல் ஆடும். கதவுப் பலகையோடு ஒரு நேரான ரீப்பரை, விளிம்புக்குச் சமமட்டமாகக் கிளாம்ப் போட்டுப் பிடித்தால் அமரும் பரப்பு அகலமாகும்.

ஏற்கெனவே ஆழமாகிவிட்ட குழியில், அதே மரத்தின் மெல்லிய தகட்டைப் பசை வைத்து ஒட்டி, பசை நன்றாக உலர்ந்தபின் இதே கருவியால் சரியான ஆழத்துக்குச் சீவலாம்.

பராமரிப்பும் வரம்புகளும்

ஆலன் சாவியின் எஃகு நல்ல உளியின் எஃகைவிட மென்மையானது; விரைவில் மழுங்கும். ஓரிரு குழிகளுக்கு ஒருமுறை சாணைக்கல்லில் தீட்டுவது நல்லது. கடற்காற்றில் அலகு துருப்பிடிக்கும் என்பதால், வேலை முடிந்ததும் மெஷின் எண்ணெய் தடவி வைக்க வேண்டும்.

ஆழத்தை நுட்பமாக ஏற்றியிறக்கும் திருகு இக்கருவியில் இல்லை. மரம் உண்மையாகவே விரிந்து உரசும் கதவுக்கும் இது தீர்வு அல்ல. அதற்கு மழைக்காலம் முடியும்வரை காத்திருந்து, உலர்ந்தபின் கதவின் எல்லா விளிம்புகளிலும் வார்னிஷ் பூசி ஈரம் புகுவதைக் குறைக்க வேண்டும். இரண்டு காரணங்களையும் பிரித்தறிந்த பிறகே, தேவைப்பட்டால் பூட்டுப் பக்க விளிம்பை இழைக்க வேண்டும்.