விமானம் கிளம்பலாமா, வேண்டாமா? தரையில் கணக்குப் போடும் 'ஃப்ளைட் டிஸ்பேச்சர்'... இந்த வேலைக்கு தயாராவது எப்படி?

விருதுநகர் - சிவகாசி சாலையில் உள்ள ஆமத்தூர் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் நல்லாவே தெரியும். "இன்னைக்கு மருந்து கலக்க வேண்டாம்" என்று போர்மேன் சொல்லிட்டா, ஆர்டர் எவ்வளவு அவசரமா இருந்தாலும் வேலை நிக்கணும். அந்தப் பேச்சைக் கேட்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதும் இந்த ஊர்களுக்குத் தெரியும்.

விமானத் துறையிலும் இப்படி ஒருத்தர் இருக்கிறார். விமானத்தில் ஏற மாட்டார், பயணிகள் அவரைப் பார்க்கவும் மாட்டார்கள். ஆனால் அவர் போட்ட கணக்கு கைக்கு வராமல் பெரிய விமான நிறுவனங்களின் விமானம் கிளம்பாது. அவர்தான் ஃப்ளைட் டிஸ்பேச்சர். பிளஸ் 2-வில் இயற்பியல், கணிதம் படித்த கிராமத்துப் பிள்ளைகளும் போகக்கூடிய வேலை இது. ஆனால் லட்சக்கணக்கில் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் நிறைய இருக்கு.

டிஸ்பேச்சர் என்ன செய்வார்?

மதுரையில் இருந்து சென்னைக்கு ஒரு விமானம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் இப்போதைய வானிலை என்ன? விமானம் இறங்கும் நேரத்தில் எப்படி இருக்கும்? ஓடுபாதையில் பராமரிப்பு வேலை எதுவும் நடக்கிறதா? எந்தப் பாதையில், எவ்வளவு உயரத்தில் பறக்க வேண்டும்? மொத்த எடை எவ்வளவு? இதையெல்லாம் பார்த்து பயணத் திட்டம் தயாரித்து பைலட்டுக்குத் தருவதுதான் டிஸ்பேச்சரின் வேலை. விமானம் கிளம்பிய பிறகும் அதைக் கவனித்துக்கொண்டே இருப்பார். வழியில் வானிலை மாறினால் பைலட்டுக்குத் தகவல் சொல்வார்.

இதில் மிக முக்கியமானது எரிபொருள் கணக்கு. ஓடுபாதை வரை ஓட, போய்ச் சேர, எதிர்பாராத தாமதத்துக்கு, சென்னையில் இறங்க முடியாவிட்டால் பெங்களூரு மாதிரி மாற்று விமான நிலையத்துக்குப் போக என்று தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். இதற்கெல்லாம் மேல், ஜெட் விமானத்தில் கடைசிக் கையிருப்பாக 30 நிமிடம் பறக்கத் தேவையான எரிபொருள் இருக்க வேண்டும். "அப்போ டேங்க்கை ஃபுல் பண்ணிட்டா போச்சே?" என்று கேட்கலாம். எடை கூடும், அந்த எடையைச் சுமக்கவே கூடுதலாக எரிபொருள் செலவாகும், இறங்கும்போது எடை வரம்பைத் தாண்டிவிடும் சிக்கலும் வரும்.

கணக்கு ஏன் உயிர்ப் பிரச்சினை?

2015 ஆகஸ்ட் 18. தோஹாவில் இருந்து கொச்சிக்கு வந்த ஒரு போயிங் 737 விமானம், மோசமான வானிலையால் அங்கே இறங்க முடியாமல் திருவனந்தபுரத்துக்குத் திருப்பப்பட்டது. அங்கேயும் வானிலை கைகொடுக்கவில்லை. பல முயற்சிகளுக்குப் பிறகு, இருக்க வேண்டிய கையிருப்பைவிட மிகக் குறைவான எரிபொருளுடன் தரையிறங்கியது. பயணிகள் உயிர் தப்பினார்கள். பயணத் திட்டத்தில் மாற்று விமான நிலையமாக இருந்தது பெங்களூரு. எந்த ஊரை மாற்றாக வைக்கிறோம், எப்போது அங்கே திரும்புகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று காட்டிய சம்பவம் இது.

இந்த வேலை சட்டத்துக்குள் வந்ததற்குப் பின்னாலும் ஒரு விபத்து இருக்கு. 1935 மே மாதம் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மோசமான வானிலையில் எரிபொருள் குறைந்த நிலையில் ஒரு பயணிகள் விமானம் விழுந்தது. அதில் பிரான்சன் கட்டிங் என்ற செனட்டர் இறந்தார். விமானப் பாதுகாப்பு பற்றி பெரிய விவாதம் கிளம்பி, 1938-ல் புதிய விமானப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. இன்று அமெரிக்காவில் பெரிய விமான நிறுவனங்களின் பயணங்களுக்கு பைலட்டும் டிஸ்பேச்சரும் கூட்டுப் பொறுப்பு.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கு. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயலால் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. இப்படிப்பட்ட நாளில் எந்த விமானத்தை நிறுத்துவது, எதைத் திருப்பிவிடுவது, எங்கே எரிபொருள் நிரப்புவது என்று ஒரே நேரத்தில் கணக்குப் போட வேண்டியிருக்கும். 2025 ஏப்ரல் 24-ம் தேதி இந்திய விமானங்களுக்கு பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டபோதும், டெல்லியில் இருந்து மேற்கே போகும் விமானங்களுக்கு சுற்றுப்பாதை போட வேண்டியிருந்தது.

என்ன படிக்கணும்?

இந்தியாவில் இந்த வேலைக்கு அங்கீகாரம் தருவது டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். பிளஸ் 2-வில் இயற்பியல், கணிதம் படித்திருப்பது அடிப்படைத் தகுதி. பல விமான நிறுவனங்கள் டிகிரியும் கேட்பதுண்டு. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதிப்படி, உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 21.

விமானச் சட்டம், வானிலையியல், வழிசெலுத்தல், விமானத்தின் செயல்திறன், எடை - சமநிலை, வானொலித் தொடர்பு ஆகியவை முக்கியப் பாடங்கள். அபாயகரமான பொருட்கள் பற்றியும் படிக்க வேண்டும். சிவகாசிப் பட்டாசை பயணிகள் கைப்பையிலோ, செக்-இன் பெட்டியிலோ கொண்டுபோகக் கூடாது என்பது இந்தப் பாடத்தில்தான் வருது. வானிலை அறிக்கை முதல் எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் ஆங்கிலம் கட்டாயம் தேவை. தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் இப்போதே பழக ஆரம்பிப்பது நல்லது.

பைலட்டுக்கு கேட்கும் மருத்துவத் தகுதிச் சான்று, ஐகாவோ விதிகளில் டிஸ்பேச்சருக்குக் கேட்கப்படுவதில்லை. வேலைக்கு எடுக்கும்போது நிறுவனம் வைக்கும் பரிசோதனை வேறு.

கோர்ஸ் முடிச்சா வேலை கிடைச்சிடுமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு பயிற்சி நிறுவனம் தரும் சான்றிதழ் வேறு, டிஜிசிஏ அங்கீகாரம் வேறு. வகுப்பு முடித்தாலும், ஒரு விமான நிறுவனத்தில் சேர்ந்து, மூத்த டிஸ்பேச்சரின் மேற்பார்வையில் வேலை பழகி, அந்த நிறுவனம் பறக்கவிடும் விமான ரகத்துக்கான பயிற்சி பெற்று, தேர்வில் தேறினால்தான் தனியாகப் பொறுப்பு ஏற்க முடியும். சுருக்கமாகச் சொன்னால், விமான நிறுவனம் உங்களை எடுக்காமல் அங்கீகாரம் வரை போவது கஷ்டம்.

அமெரிக்க டிஸ்பேச்சர் சான்றிதழ் வாங்கித் தருவதாகவும் சிலர் சொல்வார்கள். அது குறைந்தது 200 மணி நேரப் பயிற்சி கொண்ட நல்ல படிப்புதான். 21 வயதில் எழுத்துத் தேர்வு எழுதலாம், சான்றிதழ் கைக்கு வர 23 வயது ஆகணும். ஆனால் அதை மட்டும் வைத்து இந்தியாவில் நேரடியாக வேலை பார்க்க முடியாது. இங்கே டிஜிசிஏ நடைமுறையைத் தாண்டித்தான் ஆகணும்.

நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் முன், பயிற்சி நிறுவனத்திடம் இந்த 4 கேள்விகளைக் கேளுங்கள்:

1. இந்தப் பயிற்சிக்கு டிஜிசிஏ ஒப்புதல் இருக்கா? இருந்தால் கடிதத்தைக் காட்டச் சொல்லி, டிஜிசிஏ இணையதளத்திலும் சரிபாருங்கள்.

2. இங்கே படித்தவர்களில் எத்தனை பேர் இப்போது டிஸ்பேச்சராக இருக்கிறார்கள்? விமான நிலைய கவுன்ட்டர் வேலையைக் கணக்கில் காட்டுவார்கள், கவனம்.

3. விமான நிறுவனத்தில் வேலை பழகும் பயிற்சிக்கு எழுத்துப்பூர்வ உறுதி இருக்கா?

4. இடையில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

வேலை எங்கே இருக்கும்?

ஆமத்தூரில் இருந்து மதுரை விமான நிலையம் சுமார் ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் வேலை அங்கேதான் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். பெரிய நிறுவனங்கள் இந்த வேலையை ஒரே மையத்தில் இருந்து நடத்துகின்றன. இண்டிகோ, ஏர் இந்தியா இரண்டின் கட்டுப்பாட்டு மையங்களும் டெல்லியை ஒட்டிய குருகிராமில் இருக்கின்றன. 24 மணி நேர ஷிஃப்ட், தீபாவளி, பொங்கலுக்கும் டியூட்டி வரும். வேலையில் சேர்ந்த பிறகும் படிப்பு நிற்காது. ஐகாவோ விதிப்படி தொடர்ந்து 12 மாதம் பணியில் இல்லாவிட்டால், மறுபடி தகுதியை நிரூபித்த பிறகுதான் டியூட்டி தருவார்கள்.

எண்களில் கவனம், பதற்றப்படாத குணம், நெருக்கடி வந்தாலும் 'இது சரியில்ல, கிளம்ப வேண்டாம்' என்று சொல்லும் தைரியம். இந்த மூன்றும் இருந்தால் முயற்சி செய்யலாம். பணம் கட்டுவதை மட்டும் விசாரித்த பிறகு வெச்சுக்கோங்க.