காணியை விட்டு வந்தவர்கள்... கும்மிடிப்பூண்டி முகாம் சொல்லும் பாடம்!

‘இருக்கிற நிலத்தை விற்றுவிட்டு பையனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாமா?’ திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் இன்று பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது. கடன், தண்ணீர்த் தட்டுப்பாடு, கட்டுப்படியாகாத விலை என்று அதற்கு ஆயிரம் காரணங்கள். ஆனால், கடல் தாண்டிப் போய் புதிதாக வாழ்க்கையைத் தொடங்குவது என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்ள துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போக வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டிக்குப் போனாலே போதும்.

சென்னையில் இருந்து வடக்கே போகும் மின்சார ரயிலில் கும்மிடிப்பூண்டியில் இறங்கினால், காலை நேரத்தில் கூட்டம் சிப்காட் தொழிற்பேட்டை நோக்கி நகர்வதைப் பார்க்கலாம். ஒடிசா, பீகார் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் அதில் உண்டு. இதே ஊரில்தான் 1990-ம் ஆண்டு முதல் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. நமக்குச் சொந்த நாடாக இருக்கும் இந்த மண், அவர்களுக்கு வெளிநாடு.

வெங்காயமும் மிளகாயும் விளைந்த செம்மண்

முகாமுக்கு வந்தவர்களில் மீனவர்கள் உண்டு, கூலித் தொழிலாளர்கள் உண்டு. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் நிலம் வைத்து விவசாயம் செய்தவர்களும் கணிசமாக உண்டு. நம் பக்கத்தில் ‘காணி’ என்றால் நில அளவு. அவர்கள் பேச்சில் காணி என்றால் நிலமேதான்.

யாழ்ப்பாணத்தில் பெரிய ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்கு மேல் செம்மண். கிணற்றுத் தண்ணீரை இறைத்து வெங்காயம், மிளகாய், புகையிலை என்று சின்னச் சின்ன துண்டு நிலத்தில் விளைவித்தார்கள். தெற்கே கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துப் பாசனத்தில் நெல் விளைந்தது.

1970-களின் முற்பகுதியில் இலங்கை அரசு வெளிநாட்டு வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. உள்ளூர் விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்தது. யாழ்ப்பாண விவசாயிகள் கல்வீடு கட்டியதும், பம்புசெட் வாங்கியதும் அந்தக் காலத்தில்தான். 1977-ல் ஆட்சி மாறி, இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை சரிந்தது. விலை விழுந்தால் என்ன ஆகும் என்பதை நம் விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விலை சரிந்தபோது கிளம்பவில்லை

ஆனாலும், விலை சரிந்ததற்காக அவர்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்யவில்லை. பயிரை மாற்றினார்கள், கடன் வாங்கினார்கள், அடுத்த போகத்தை நம்பினார்கள். படிப்புக்கும் வேலைக்கும் வெளிநாடு போனவர்கள் முன்பே உண்டு. குடும்பத்தோடு, கைக்குழந்தையோடு படகேறும் நிலை 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகுதான் வந்தது. 1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படை திரும்பியது. ஜூனில் மறுபடியும் போர் மூண்டது. அந்த ஆண்டில் தமிழகத்துக்கு வந்தவர்கள் பல்லாயிரம் பேர். தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீட்டர்தான். ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் பதிவு செய்யப்பட்டு, அங்கிருந்து மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். அப்படி வந்தவர்களின் ஒரு பகுதிதான் கும்மிடிப்பூண்டி.

1983-ல் தொடங்கி இப்படி வந்தவர்கள் மொத்தம் 3,04,269 பேர் என்கிறது தமிழக அரசின் கணக்கு. 2021 நிலவரப்படி 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள்.

விவசாயி நஷ்டத்தைத் தாங்குவான். உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்கிறபோதுதான் விதை நெல்லையும் மாட்டையும் விட்டுவிட்டுக் கிளம்புவான்.

எல்லாம் கிடைத்தது... நிலம் தவிர

இங்கே வந்தவர்களை அரசு கைவிடவில்லை. மாதாந்திர உதவித்தொகை, ரேஷன் அரிசி, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று கொடுத்தது. 2021-ல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியதோடு, பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாகவும் அறிவித்தது. முகாம் பிள்ளைகள் பலர் இன்று பட்டதாரிகள்.

ஆனால், மண்வெட்டி பிடித்த கை இங்கே பெயின்ட் பிரஷ் பிடித்தது. முகாம் ஆண்கள் பலருக்கும் வர்ணம் பூசுவதும் கட்டட வேலையும்தான் பிழைப்பு. காரணம் எளிமையானது. இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் நிலமோ வீடோ வாங்க முடியாது. 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தையாக இருந்தாலும், தாய், தந்தை இருவருமே இந்தியக் குடிமக்கள் இல்லை என்றால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. 2019-ம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் இல்லை. அதனால் இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே படித்து முடித்த பிள்ளைக்கும் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க வழி இல்லை.

திரும்பவும் ஒரு படகு

2009-ல் போர் முடிந்த பிறகு பலர் ஊர் திரும்பினார்கள். சிலருக்குக் காணி கிடைத்தது. சிலருடைய காணி கண்ணிவெடி அகற்றும்வரை காத்திருந்தது. ராணுவம் எடுத்துக்கொண்ட நிலம் கட்டம் கட்டமாகத்தான் விடுவிக்கப்படுகிறது. இன்னும் வந்துசேராத நிலமும் உண்டு.

அங்கேயும் போக முடியாமல், இங்கேயும் வேர்விட முடியாமல் தவித்தவர்களைக் குறிவைத்து ஏஜென்டுகள் வந்தார்கள். 2014 ஜூனில் புதுச்சேரியில் இருந்து 157 தமிழர்களுடன் ஒரு படகு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. குழந்தைகளும் அதில் இருந்தார்கள். நடுக்கடலில் மடக்கப்பட்டு, வாரக்கணக்கில் கப்பலிலேயே வைக்கப்பட்டு, கடைசியில் நவுரு தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். படகில் வருபவர்களைக் குடியேற விடமாட்டோம் என்று ஆஸ்திரேலியா 2013-லேயே அறிவித்துவிட்டது. ஏஜென்டுகள் அதைச் சொல்வதில்லை.

முகாமில் இருப்பவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அதனால் கிளம்புவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

வெளிநாடு... வழக்கமாக எழும் கேள்விகள்

நிலத்தை விற்றுத்தான் அனுப்ப வேண்டுமா?
வேண்டாம். வெளிநாடு வாழ் இந்தியராகிவிட்டவர், இந்தியாவில் விவசாய நிலம் விலைக்கு வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனால், பெற்றோர் வழியாக வாரிசாக வரும் நிலத்தை வைத்துக்கொள்ளலாம். ஆக, இன்று விற்றால், மகன் அங்கே இருக்கும்வரை அவர் பெயரில் காணி நிலம்கூட வாங்க முடியாது. வைத்திருந்தால் திரும்பி வரும்போது இருக்கும். உறவினருக்குப் பவர் எழுதிக் கொடுப்பதாக இருந்தால், விற்கும் உரிமையைக் கொடுக்காமல், பராமரிப்புக்கு மட்டும் எழுதுங்கள்.

ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?
பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். அதோடு 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400 ரூபாய். வங்கி மூலம் கட்டி ரசீது வாங்குங்கள். லட்சக்கணக்கில் கேட்டால் விலகிவிடுங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பார்க்கலாம்.

சுற்றுலா விசாவில் போய், அங்கே வேலை தேடலாமா?
கூடாது. அப்படிப் போனவர்களுக்குச் சம்பளம் மறுக்கப்பட்டாலும் புகார் கொடுக்கத் தயங்குவார்கள். 2022-ல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி வேலையில் அடைக்கப்பட்டார்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி கட்டாயம்.

அரசு வழியாகப் போக முடியுமா?
முடியும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் ஆள் அனுப்புகிறது. மத்திய அரசின் ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’வில் 275 ரூபாய் கட்டினால், இரண்டு ஆண்டுகளுக்கு 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. போன இடத்தில் சிக்கல் என்றால், சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத்துறை ஆணையரகத்தில் குடும்பத்தினர் முறையிடலாம். கும்மிடிப்பூண்டி முகாமைக் கவனிப்பதும் இதே ஆணையரகம்தான்.

கிளம்பும் நாளில் பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் ஒன்று வையுங்கள். நிலத்தின் பட்டாவும் பத்திரமும் அதே பெட்டியில் இருக்கட்டும்.